புரியாமல் போட்ட டிக்

என் கையெழுத்தைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ல, ள, ழ மூன்றில் எது எங்கே வரும் என்பது இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. ஒற்று விட்டுப்போயிருக்கும், வரி மேலே ஏறியும் கீழே இறங்கியும் போகும். சுற்றறிக்கை நோட்டில் ஆசிரியர்களிடம் கையெழுத்து வாங்கி வருவதுதான் இத்தனை வருடமாக எனக்கும் எழுத்துக்கும் இருந்த உறவு. தப்பு இருக்கும் இடத்தில் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் மாற்றாமல் எழுதுகிறேன்.

திருத்தணியில் ஒரு கல்லூரியில் அட்டெண்டராக இருக்கிறேன். ஆங்கில வகுப்புகள் நடக்கும் மாடி என் பொறுப்பு. கரும்பலகை துடைப்பது, சாக்பீஸ் வைப்பது, மாப்பு போடுவது, யாராவது பெரியவர்கள் வந்தால் தண்ணீர் கொண்டுபோவது. கே.ஜி.கண்டிகையிலிருந்து தினமும் வண்டியில் வந்து போகிறேன். பேசுவது எனக்கு எப்போதுமே வராது. புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர் ஒரு மாதம் வரைக்கும் என்னை வாய் பேச முடியாதவன் என்று நினைத்து, கையைக் காட்டியே வேலை சொன்னார். நானும் அவரைத் திருத்தவில்லை.

இரண்டு வருடம் முன்பு ஆங்கிலம் எடுக்க ஒரு மேடம் வந்தார். அரக்கோணத்திலிருந்து ரயிலில் வருவார். நிரந்தர வேலை இல்லை, வருடத்துக்கு ஒரு முறை ஆர்டர் போடுவார்கள். மேடம் எடுத்த வகுப்பில் நாற்பது பிள்ளைகள். பாதிப் பேர் பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கத்துப் பிள்ளைகள். வீட்டில் தெலுங்கு, படித்தது தமிழில். ஆங்கிலம் அவர்களுக்கு மூன்றாவதாக வந்து சேர்ந்தது.

மேடம் சிரமப்பட்டது எனக்கு வராந்தாவிலேயே கேட்கும். ஒரு நாள் 'ரிலக்டன்ட்' என்றால் என்ன என்று கேட்டார். நாற்பது பேரும் ஒரே குரலில் 'தயக்கமுள்ள' என்றார்கள். சரி, நீ எப்போது அப்படி இருந்தாய், இங்கிலீஷில் சொல் என்று ஒருவனை எழுப்பினார். அவன் 'தயக்கமுள்ள' என்றே மறுபடி சொன்னான். அடுத்தவளை எழுப்பினார். அவளும் அப்படியே. கைபேசியில் அமுக்கினால் தமிழ் அர்த்தம் வந்துவிடுகிறது, அதை எழுதி மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். வார்த்தையை எடுத்து உபயோகிக்க ஒருத்தருக்கும் தெரியவில்லை.

மறுநாள் மேடம் ஒரு நோட்டோடு என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணா, உங்களுக்கு இங்கிலீஷ்ல என்னென்ன வார்த்தை தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுங்க."

"பஸ் தெரியுமா?"

"அது தமிழுதானுங்களே."

மேடம் சிரித்துவிட்டு நோட்டில் எழுதினார். டயர், பஞ்சர், பிரேக், சுவிட்ச், லைட், லேட், லீவு, ஃபுல், ஆஃப், டபுள், லூஸ், டைட், வேஸ்ட், ரிப்பேர், ரிவர்ஸ், சப்போர்ட், டென்ஷன், அட்ஜஸ்ட். ஒரு வாரம் டீ இடைவேளைதோறும் வந்து எழுதினார். கடைசியில் எண்ணிப் பார்த்தால் இருநூற்றுப் பன்னிரண்டு வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடம் ஒன்றும் தெரியாதவன் என்றுதான் என்னை நான் நினைத்திருந்தேன். தலைக்குள் இவ்வளவு கிடந்திருக்கிறது, எனக்கே தெரியவில்லை.

அந்தப் பட்டியலை மேடம் ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். மேலே 'அண்ணன் லிஸ்ட்' என்று தலைப்பு. இனிமேல் புது வார்த்தையின் அர்த்தத்தை என்னிடம் வந்து விளக்க வேண்டும். அண்ணன் லிஸ்டில் இருக்கும் வார்த்தைகளையும் கையையும் காலையும்தான் உபயோகிக்கலாம். தமிழ் கூடாது, தெலுங்கு கூடாது. எனக்குப் புரிந்தால் அந்தப் பிள்ளைக்கு அந்த வார்த்தை தெரியும் என்று அர்த்தம்.

முதலில் வகுப்புக்குள் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். பள்ளிப்பட்டிலிருந்து வரும் ஒரு பையன், வாய் நிற்காதவன், எழுந்து வந்தான். 'பேஷன்ட்' என்ற வார்த்தை. "பஸ் லேட். டூ அவர் லேட். டென்ஷன் நோ. அட்ஜஸ்ட்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு ஆடாமல் நின்றான். பொறுமை என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனால் நாற்பது பேர் பார்க்கும்போது அதை வாயால் சொல்ல முடியவில்லை. எழுந்து பலகை துடைக்கப் போய்விட்டேன். மேடம் அதைப் பார்த்துவிட்டார்.

அதனால்தான் வழியை மாற்றினார். நான் வராந்தாவில் ஸ்டூலிலேயே இருப்பேன். உள்ளே பாடம் நடக்கும்போது பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியே வந்து என்னிடம் விளக்கிவிட்டுப் போவார்கள். என் கையில் ரோல் நம்பரும் வார்த்தையும் போட்ட தாள். புரிந்தால் டிக், புரியாவிட்டால் இன்ட்டு. நான் வாயே திறக்க வேண்டாம். "உங்களுக்குப் புரிஞ்சா மட்டும் டிக் போடுங்க அண்ணா" என்று மேடம் இரண்டு தடவை சொன்னார். நான் தலையாட்டினேன்.

முதல் இரண்டு நாள் ஒழுங்காகத்தான் செய்தேன். மூன்றாம் நாள் ஆர்.கே.பேட்டையிலிருந்து வரும் ஒரு பெண் வந்தாள். எப்போதும் கையில் கைக்குட்டையைச் சுருட்டிப் பிடித்திருக்கும் பெண். வார்த்தை என்ன என்பது மறந்துவிட்டது. "லேட்... சாரி..." என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் வரவில்லை. கைக்குட்டையை முறுக்கினாள். கண் கலங்கிவிட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. இன்ட்டு போடத்தான் பேனாவை வைத்தேன். அவள் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். டிக் போட்டுவிட்டேன்.

புரியவில்லை என்று சொல்லுவது எனக்குப் பழக்கமே இல்லாதது. டாக்டர் மாத்திரையைப் பற்றிச் சொன்னால் தலையாட்டுவேன், வெளியே வந்து மருந்துக்கடையில் நிற்கும் யாரிடமாவது கேட்பேன். பாங்கில் கவுண்டரில் சொன்னாலும் அப்படித்தான். சின்ன வயதில் வாத்தியார் புரிஞ்சுதா என்று கேட்டால் எல்லாரும் சேர்ந்து புரிஞ்சுது சார் என்போம். அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து சொல்லித்தான் ஐந்து வகுப்பும் தாண்டினேன்.

ஒரு டிக் போட்ட பிறகு அடுத்தது சுலபமாக இருந்தது. பிள்ளைகளுக்கும் எப்படியோ தெரிந்துவிட்டது. சாயங்காலம் பள்ளிப்பட்டு பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் வேகமாக வந்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, பஸ் போயிடும்ணா என்பார்கள். போட்டுவிடுவேன். ஒரு நாள் பள்ளிப்பட்டுப் பையன் வந்து என் முன்னால் நின்று ஏதோ வேகமாகச் சொன்னான், கையையும் நன்றாக ஆட்டினான். நான் டிக் போட்டேன். தூணுக்குப் பின்னால் நான்கு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கியில் இங்கிலீஷில் சொல்லும் அறிவிப்பை அப்படியே சொல்லியிருக்கிறான். அது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு, பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நானும் சிரித்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். இது ஒரு பயிற்சி, விளையாட்டு மாதிரி என்றுதான் நான் நினைத்திருந்தேன். டிக் விழுந்த வார்த்தையை மேடம் மறுபடி சொல்லிக்கொடுக்க மாட்டார், அது முடிந்தது என்று அடுத்ததற்குப் போய்விடுவார் என்பது எனக்குத் தெரியாது. மாதக் கடைசியில் தாள்களை எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது மேடம் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "உங்களாலதான் அண்ணா" என்றார். கேண்டீனிலிருந்து எனக்கு ஒரு போண்டாவும் வாங்கி வந்து கொடுத்தார். அதைத் தின்றேன்.

பங்குனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை மேடம் என்னைக் கூப்பிட்டார். வியாழக்கிழமை கல்லூரி முதல்வர் வகுப்புக்கு வருகிறார், நாற்காலியைத் துடைத்து வையுங்கள் என்றார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்.

"அடுத்த வருஷம் என்னை வெச்சிக்கலாமான்னு பார்க்கத்தான் வராரு. போன செமஸ்டர் ரிசல்ட் சரியில்ல. நம்ம டிக் ஷீட்டைக் காட்டினேன். இவ்வளவு வார்த்தை நிஜமாவே தெரியுமா, நானே வந்து கேட்கறேன்னாரு. கேட்கட்டுமே."

மேடம் மேற்கொண்டு பேசிய எதுவும் கேட்கவில்லை. துணியை எடுத்துக்கொண்டு போய் ஏற்கெனவே துடைத்த நாற்காலியைத் துடைத்தேன்.

நடுவில் இரண்டு நாள் இருந்தது. சொல்லியிருக்கலாம். செவ்வாய்க்கிழமை டீ கொண்டுபோய் வைத்துவிட்டு மேடத்தின் மேஜைக்குப் பக்கத்தில் நின்றேன். என்னண்ணா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன். புதன்கிழமை ரயிலுக்கு அவர் இறங்கும்போது படிக்கட்டு வரைக்கும் பின்னாலேயே போனேன். அவர் திரும்பவில்லை, நான் கூப்பிடவும் இல்லை.

வியாழக்கிழமை முதல்வர் வந்தார். நான் தண்ணீர் ஜக்கோடு கதவோரம் நின்றேன். அவர் தாளை எடுத்து டிக் விழுந்த வார்த்தை ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். பள்ளிப்பட்டுப் பையனைத்தான் முதலில் எழுப்பினார். அவன் தமிழ் அர்த்தத்தைச் சொன்னான். தமிழில் வேண்டாம், உங்கள் மேடம் முறைப்படி எனக்கு விளக்கு என்றார். அவன் என்னைப் பார்த்தான். நான் தண்ணீரைப் பார்த்தேன். அடுத்தவள். அதற்கு அடுத்தவன். எட்டுப் பேரை எழுப்பினார். ஆறு பேர் நின்ற இடத்தில் அப்படியே நின்றார்கள். இரண்டு பேர் பாதி சொன்னார்கள். ஒவ்வொருத்தர் நிற்கும்போதும் அந்த வார்த்தைக்கு நேராக நான் பேனாவை அழுத்திப் போட்ட டிக் என் கண்ணுக்குள் வந்தது. ஜக்கு கனத்தது. மேடம் முகம் வெளுத்துப் போயிருந்தது. பயத்தில் மறந்துவிட்டார்கள் சார், முதல்வர் வருகிறார் என்றதும் பிள்ளைகளுக்கு நடுக்கம் என்று ஏதோ சொன்னார். முதல்வரும் இருக்கட்டும், பயம்தான் என்று எழுந்துகொள்ளப் பார்த்தார்.

அப்போதுதான் நான் உள்ளே போனேன். எந்தத் தைரியத்தில் போனேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"சார், மேடம் மேல தப்பு இல்லீங்க. அந்த டிக்கெல்லாம் நான்தான் போட்டேன். எனக்குப் புரியாமயே போட்டேன்."

முதல்வர் என்னைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். பிறகு மேடத்தைப் பார்த்தார்.

"இவரா டிக் போட்டாரு?"

அவருக்கு அது தெரியாது. தாளின் அடியில் மேடத்தின் கையெழுத்து இருந்தது, மேடமே கேட்டுப் போட்டது என்று நினைத்திருக்கிறார். மேடம் மறைக்கவில்லை, அவர் கேட்கவில்லை, அவ்வளவுதான். நான் வாயைத் திறந்ததும் அது வேறு மாதிரி ஆகிவிட்டது. முதல்வர் சத்தம் போடவில்லை. தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மேடம் சாயங்காலம் அறைக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

காப்பாற்றத்தான் போனேன். பள்ளிப்பட்டுப் பையன் என் பக்கத்தில் வந்தான். அவன் கண்ணில் கேலி இல்லை.

"இன்னாண்ணா இப்டி பண்ணிட்ட. சும்மா இருந்திருந்தா நாங்க படிக்கலன்னு திட்டிட்டுப் போயிருப்பாரு. எழுந்துகினு இருந்தாரு, நீ பாக்கல?"

அவன் சொன்னது நிஜம். நாற்பத்தெட்டு வயதில் முதன்முதலாக ஒரு கூட்டத்துக்கு முன்னால் வாயைத் திறந்தேன், அது ஒரு மனுஷியின் வேலைக்கு உலை வைத்துவிட்டது.

முதல்வர் அறையிலிருந்து மேடம் திரும்பி வந்தபோது வகுப்பில் யாரும் இல்லை. நான் பலகை துடைத்துக்கொண்டிருந்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். இரண்டு வாரம் கழித்து முதல்வர் மறுபடி வருவாராம். அதன் பிறகுதான் முடிவாம். அதைச் சொல்லிவிட்டு, ஒரு வார்த்தைகூடப் புரியவில்லையா அண்ணா என்று கேட்டார். சில வார்த்தைகள் நிஜமாகவே புரிந்தன என்றேன். எது எது என்றார்.

சொல்ல ஆரம்பித்தேன். பொறுமை, அந்தப் பையன் கையைக் கட்டிக்கொண்டு சொன்னது. உடையக்கூடிய பொருள், ஒரு பெண் கண்ணாடி வளையலைக் கழற்றி, லூஸ், டவுன், ஃபினிஷ் என்று சொன்னது. செங்குத்தாக ஏறுவது, ஒருத்தன் ஜன்னல் வழியாக மலைக்குப் போகும் படியைக் காட்டிச் சொன்னது. யார், எப்படிச் சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாக வந்தது. வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை, அவர்கள் செய்து காட்டியது மட்டும் வந்தது. மேடம் எழுதிக்கொண்டே போனார். முப்பத்தொன்று. எழுதி முடித்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். திகைத்துப்போய்த்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"நாளைலேர்ந்து உள்ள உட்காருங்க அண்ணா. டிக் வேணாம். புரிஞ்சத வாயால சொல்லணும். புரியலன்னாலும் வாயால சொல்லணும். முடியுமா?"

முடியாது என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது?

மறுநாள் வகுப்புக்குள் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதலில் வந்த பெண் வழக்கம்போல இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இடத்துக்குப் போகத் தொடங்கினாள். "புரியலம்மா" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. அவள் அடித்தது போல நின்றாள். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. அன்றைக்கு ஒன்பது தடவை அந்த வார்த்தையைச் சொன்னேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியவில்லை. என் மனைவி ஜுரமா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஆனால் பிள்ளைகள் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் எனக்கு அதிர்ச்சி. இடைவேளையில் லிஸ்டை வைத்துக்கொண்டு அவர்களுக்குள் விவாதம். இந்த வார்த்தையை 'ரிவர்ஸ்' வைத்துச் சொன்னால் அண்ணனுக்குப் புரியுமா, 'டைட்' வைத்துச் சொன்னால் புரியுமா என்று. பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள்கூட நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். பள்ளிப்பட்டுப் பையன் ஒரு வார்த்தையை ஐந்து விதமாகச் சொல்லியும் எனக்கு ஏறவில்லை. "உன்ன மாதிரி ஒரு வாத்தியாரு இருந்தா நாங்க எப்பவோ பாஸுண்ணா" என்று நொந்துகொண்டு ஆறாவது விதமாகச் சொன்னான். அது புரிந்தது.

இரண்டு வாரம் முடிந்து முதல்வர் வந்தார். இந்த முறை பிள்ளைகளைத் தன்னிடம் விளக்கச் சொல்லவில்லை. என் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, இவருக்கே சொல்லுங்கள், இவர் என்ன சொல்கிறார் என்று நான் பார்க்கிறேன் என்றார். நான்கு பேர் வந்தார்கள். நான்கும் புரிந்தது. ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். முதல்வர் தன் தாளில் குறித்துக்கொண்டார். மேடம் சுவரோரம் நின்றிருந்தார்.

ஐந்தாவதாகக் கைக்குட்டைப் பெண்ணைக் கூப்பிட்டார். வார்த்தை 'டிபென்ட்'. "பஸ். டீசல் ஃபுல், பஸ் ரன். டீசல் நோ, பஸ் நோ" என்றாள். எனக்கு டீசல் தீர்ந்துபோவது என்றுதான் தோன்றியது. காலியாவதா, நின்றுபோவதா, பழுதாவதா. எதுவும் சரியாகப் படவில்லை.

"புரிஞ்சுதாப்பா?" என்றார் முதல்வர்.

நாற்பது பேரும் என் தலையைப் பார்த்தார்கள். லேசாக அசைத்தால் போதும். காலியாவது என்று எதையாவது சொன்னால்கூட அவர் விட்டுவிடலாம். மேடம் மட்டும் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது அரக்கோணத்திலிருந்து தினமும் வந்து பார்க்கிற வேலை, எனக்கு ஒரு தலையசைப்பு. கழுத்து தானாகவே ஆடப் பார்த்தது. அதை நிறுத்தி வைத்தேன்.

"புரியல சார்."

பின் பெஞ்சில் யாரோ ஐயோ என்றார்கள். முதல்வர் பேனாவை எடுத்துத் தாளில் ஏதோ எழுதினார். அந்தப் பெண் உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் கைக்குட்டையை மேஜை மேல் வைத்தாள். "ஒன் மினிட் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடி, வராந்தாவில் வைத்திருந்த என் மாப்புக் கட்டையைக் கொண்டுவந்தாள். அதைச் சுவரில் சாய்த்தாள். "சப்போர்ட் ஃபுல்" என்றாள். பிறகு கட்டையைச் சுவரிலிருந்து தள்ளி, வகுப்புக்கு நடுவே நிமிர்த்தி வைத்துக் கையை எடுத்தாள். "சப்போர்ட் கட்." கட்டை படாரென்று விழுந்தது. மறுபடி எடுத்துச் சுவரில் சாய்த்து, கட்டையைத் தொட்டு, சுவரைத் தொட்டு, அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"ஒண்ண நம்பிகினு இன்னொண்ணு நிக்கறது சார். அது இல்லன்னா இது இல்ல" என்றேன் நான்.

முதல்வர் அந்தப் பெண்ணைப் பார்த்துத் தலையசைத்தார். முன்பு எழுதியதை அவர் அடித்தாரா, அப்படியே விட்டாரா என்று நான் இருந்த இடத்திலிருந்து தெரியவில்லை. இன்னும் மூன்று பேரைக் கேட்டுவிட்டு, சரி மேடம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆனி மாதம் கல்லூரி திறந்தபோது மேடம் வந்தார். படியேறி வரும்போதே கையில் கவர் இருந்தது. என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்று பிரித்துக் காட்டினார்.

"வருஷத்துக்குப் போடுவாங்க. இந்த தடவ ஆறு மாசம்னு போட்டிருக்காங்க அண்ணா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் தலைகுனிந்து நின்றேன். அந்தக் குறைந்த ஆறு மாதம் நான் முதல் நாள் உளறியதற்கா, இரண்டாம் தடவை புரியவில்லை என்று சொன்னதற்கா, இல்லை எனக்குச் சம்பந்தமே இல்லாத காரணமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. மேடம் உள்ளே போய்ப் புதுப் பிள்ளைகளுக்கு லிஸ்டைக் கொடுத்தார். நாற்காலியை நான்தான் எடுத்துப் போட்டேன்.

அந்த ஆறு மாதம் அடுத்த வாரத்தோடு முடிகிறது. புது ஆர்டர் இன்னும் வரவில்லை. இன்று காலை ஆபீசுக்குப் போய், மேடம் ஆர்டர் வந்ததா என்று நானே கேட்டேன். கிளார்க் என்னை நிமிர்ந்து பார்த்தார், நான் பேசியதில் அவருக்கு ஆச்சரியம். பிறகு, முதல்வர் மேஜையில் இருக்கிறது, கையெழுத்து ஆகவில்லை என்றார்.

கார்த்திகை மாதம் இருபத்து மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை.